வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

போன நோன்புப் பெருநாளுக்கு துபாயிலிருந்து ஊர் வந்த என் மச்சான், மகனுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கி வந்தார். டிஸ்க் போடும் வசதி இல்லாத மாடல். விலை குறைவு, டிஸ்க் கீறல் விழும் தொல்லையும் இல்லை என்று அங்கே கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கடையிலேயே கணக்கு திறந்து, மூன்று கேம்களையும் டவுன்லோடாக வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

மச்சான் திரும்பிப் போன இரண்டாவது வாரம் மருமகன் என்னிடம் வந்தான். பெருநாள் காசைச் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் கார்டு வாங்கியிருக்கிறான். சுரண்டி நம்பரை அடித்தால் ஏற்கவில்லை. "மாமா, டூப்ளிகேட் கார்டைக் குடுத்துட்டாங்க போல. நீங்க வந்து கடையில கேளுங்க" என்றான். போய்ப் பார்த்தேன். கார்டு அசல்தான். கணக்கு அமீரகத்தில் திறந்தது, கார்டு இந்தியாவுக்கானது. இரண்டும் ஒட்டாது. சுரண்டிய கார்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. லாத்தாவின் ஏடிஎம் கார்டைப் போட்டுப் பார்த்தோம், அதுவும் எடுக்கவில்லை. கணக்கின் நாட்டை மாற்றலாமா என்றால், திறந்த பிறகு மாற்றவே முடியாதாம். இந்தியாவுக்கென்று புதுக் கணக்கு திறந்துகொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கிய மூன்று கேம்களும் அந்தக் கணக்குக்கு மாறாது.

லாத்தாவுக்கு ஒரு யோசனை. மகனுக்கு அலுத்துப்போன ஒரு கேமைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம்தான். எதைக் கொடுப்பது? கையில் டிஸ்க் இல்லையே. "அப்போ அவங்க வாப்பா காசு குடுத்து என்னத்தைத்தான் வாங்கினாங்க?" என்று லாத்தா கேட்டார்கள்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லோருடைய விதிகளும் இதே ஜாதிதான். லாத்தாவின் கேள்விக்கு நேரான பதில்: மச்சான் வாங்கியது கேமை அல்ல, அந்த கேமை விளையாடுவதற்கான அனுமதியை. அனுமதியைத் தந்தவர் சில சூழ்நிலைகளில் அதைத் திரும்பப் பெறவும் முடியும். கணக்கு திறக்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அதற்கு மேலே உள்ள நீண்ட ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கிறது. படித்தவர் யார்?

பூட்டு வந்த கதை

நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டிகள் நினைவிருக்கும். கேசட்டைச் செருகினால் மாரியோ வரும், கான்ட்ரா வரும். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கன்சோலின் நகல்கள். அவ்வளவு எளிதாக நகல் எடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய ஃபேமிகாமில் பூட்டுச் சில்லு கிடையாது. அதே கன்சோலை 1985-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ உள்ளே ஒரு சிறு சில்லை வைத்தது. கேசட்டிலும் அதன் ஜோடிச் சில்லு இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் கேம் ஓடும். தன் அனுமதியில்லாமல் யாரும் கேசட் தயாரிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அடுத்து வந்தது டிவிடி. அதில் இரண்டு பூட்டுகள். ஒன்று, நகல் எடுக்க முடியாதபடி உள்ளடக்கத்தைக் குழப்பி எழுதும் பூட்டு. மற்றது மண்டலப் பூட்டு. உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் மத்திய கிழக்கும் 2, இந்தியா 5. ஒரு படம் அமெரிக்காவில் டிவிடியாக வரும்போது வேறு நாட்டில் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வசூல் கெடக் கூடாது, ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டுக்கு ஏற்ற விலையை வைக்கவும் வேண்டும். இதுதான் கணக்கு.

இதில் யார் மாட்டினார்கள் என்று பாருங்கள். சவூதியிலிருந்தோ அமீரகத்திலிருந்தோ பிளேயர் கொண்டுவந்து, இங்கே நியாயமாகக் காசு கொடுத்து அசல் டிஸ்க் வாங்கியவர், 'மண்டலம் தவறு' என்ற அறிவிப்பைப் பார்த்தார். பர்மா பஜாரில் திருட்டு டிவிடி வாங்கியவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. நகல் எடுத்தவர் பூட்டையும் கழற்றியிருந்தார். நேர்மையாக வாங்குபவரை மட்டுமே தடுக்கும் பூட்டை என்னவென்று சொல்வது? ப்ளூரே வந்தபோதும் திருந்தவில்லை. மத்திய கிழக்குக்கு பி, இந்தியாவுக்கு சி என்று எழுத்து மாறியது, அவ்வளவே.

டிவிடியின் முதல் பூட்டு 1999-இல் உடைந்தது. அதில் பெயர் அடிபட்டவர் நார்வேயைச் சேர்ந்த ஜான் ஜோஹான்சன். அப்போது அவருக்கு வயது பதினைந்து. வாங்கிய டிவிடியை லினக்ஸ் கணினியில் பார்க்க வழியில்லை, அதற்காகத்தான் என்பது அவர் தரப்பு வாதம். வழக்கு நடந்தது. தன் சொந்த டிஸ்க்கைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமல்ல என்று 2003-இல் நார்வே நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

பூட்டு போடுகிறவர்கள் எல்லை மீறியதும் உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் தன் ஆடியோ சிடிக்கள் பலவற்றில் நகல் தடுப்பு மென்பொருள் ஒன்றை வைத்தது. சிடியைக் கணினியில் போட்டால் அது சத்தமில்லாமல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தன்னை மறைத்துக்கொள்ள அது பயன்படுத்திய உத்தியின் பின்னால் வைரஸ்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. ஒரு கணினி வல்லுநர் தற்செயலாகக் கண்டுபிடித்து எழுத, உலகம் முழுவதும் கொதித்தது. நிறுவனம் சிடிக்களைத் திரும்பப் பெற்றது, வழக்குகளையும் சந்தித்தது. பாட்டு கேட்க சிடி வாங்கியவர் வீட்டுக் கதவை, அவருக்கே தெரியாமல் திறந்து வைத்ததற்குச் சமம் அது.

வாங்கிய பிறகு குறைந்துபோகும் பொருள்

பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம் என்பது ஒரு வசதியாக விளம்பரப்படுத்தப்பட்டது. அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. ஆனால் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த ஓர் அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. பாதுகாப்பு காரணம் என்றார்கள். அப்டேட் வேண்டாம் என்று மறுக்கலாம். மறுத்தால் ஆன்லைனில் விளையாட முடியாது, புதிய கேம்கள் பலவும் ஓடாது. எதை இழப்பது என்று மட்டுமே தேர்வு செய்யலாம். அமெரிக்காவில் வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் இழப்பீட்டுச் சமரசத்தில் முடிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2011 ஏப்ரலில், சோனியின் ஆன்லைன் சேவைக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்தார்கள். 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. சேவை மூன்று வாரத்துக்கும் மேலாக முடங்கியது. தனியாக விளையாடும் கேம்களிலும் ஒன்றிரண்டு அந்த நாட்களில் திறக்கவில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் 'இவர் வாங்கியவர்தானா' என்று தலைமையகத்தைக் கேட்கும்படி அவை செய்யப்பட்டிருந்தன. கேட்பதற்குத் தலைமையகம் இல்லை.

இதைப் பார்த்த பிறகும் 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு காரியம் செய்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவிக்கும்போது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்தால்தான் கேம் ஓடும் என்றது. டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதற்கும் பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கட்டுப்பாடுகள் வைத்தது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். கரண்ட் வரும்போது நெட் இருக்காது, நெட் வரும்போது கரண்ட் இருக்காது. நம் ஊருக்கு அந்தப் பெட்டி ஆகாது என்பதைச் சொல்லத் தேவையே இல்லை. அமெரிக்காவிலேயே எதிர்ப்பு கிளம்பியது. கப்பலிலும் முகாமிலும் இருக்கும் ராணுவத்தினர் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். இணையம் இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்ற பொருளில் அப்பிரிவின் தலைவர் பதில் சொல்ல, நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. போட்டியாளரான சோனி, தன் கன்சோலில் கேமைப் பகிர்வது எப்படி என்று ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டது.

இதை நான் சற்று நீட்டிச் சொல்வதற்குக் காரணம், வாங்குபவர்கள் வாய் திறந்தால் நடக்கும் என்பதற்கு இத்தனை தெளிவான உதாரணம் வேறில்லை. ஆனால் அன்று முன்வாசல் வழியாக வர முடியாதது, பிறகு பின்வாசல் வழியாக வந்தது. டிஸ்க் போடும் வசதியையே எடுத்துவிட்ட மாடல்கள் வந்தன. விலை குறைவு என்று நாமே விரும்பி வாங்கினோம். இப்போது டிஸ்க்கைக் கொடுக்காதே என்று யாரும் விதி போட வேண்டியதில்லை.

புத்தகத்திலும் சினிமாவிலும் இதே நிலைதான். 2009 ஜூலையில் அமேசான், கிண்டில் கருவியில் வாங்கப்பட்டிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைப் பயனர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. அவற்றைப் பதிவேற்றி விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பித் தந்தார்கள், நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காக அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவர் எடுத்து வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். அழிக்கப்பட்ட ஒரு நாவலின் பெயர் 1984. மக்கள் எதைப் படிக்கலாம் என்று அரசே தீர்மானிக்கும் நாட்டைப் பற்றிய கதை அது! 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் கடையில் வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டு இறுதியோடு நீக்கப்படும் என்று அறிவித்தது. சலசலப்பு எழவே ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு நிகழ்ச்சிகள் தப்பின.

தப்பாத ஒன்றும் உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடினாலும் சர்வர் தேவை என்பதால் கேம் முழுவதுமே செத்தது. டிஸ்க் வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது ஒரு வட்டமான பிளாஸ்டிக். டவுன்லோடாக வாங்கிய பலருக்குக் கணக்கிலிருந்தே அனுமதி நீக்கப்பட்டது. இதற்கு எதிராகக் கிளம்பிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. விற்ற கேமை நிறுத்தும்போது அது எப்படியாவது ஓடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

விற்பனையா, வாடகையா?

ஒரு பொருள் நமக்குச் சொந்தம் என்றால் என்ன பொருள்? அதை விற்கலாம். இரவல் கொடுக்கலாம். அன்பளிப்பாகக் கொடுக்கலாம். வக்ஃப் செய்யலாம். நாம் மவுத்தான பிறகு அது வாரிசுகளுக்குப் போகும். நம் ஃபிக்ஹு நூல்களைக் கொஞ்சம் புரட்டியவருக்கும் இந்த ஐந்தும் பழக்கமானவை. பெரியவர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கிதாபுகளை மதரஸா நூலகத்துக்குக் கொடுத்துச் சென்றார் என்று நம் ஊர்களில் எத்தனை பேரைக் காட்ட முடியும்! அதே பெரியவர் அவற்றைக் கிண்டிலில் வாங்கியிருந்தால் மதரஸாவுக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

வாரிசு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். கணினி கேம்களை விற்கும் மிகப் பெரிய தளமான ஸ்டீமின் ஒப்பந்தப்படி கணக்கை வேறொருவருக்கு மாற்ற முடியாது. உயில் எழுதி மாற்ற முடியுமா என்று 2024-இல் ஒரு பயனர் கேட்டதற்கும் முடியாது என்பதே பதில். இருபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சேர்த்ததாக இருந்தாலும் பாகப்பிரிவினையில் அது வராது.

அப்படியானால் இது வாடகை, அதாவது இஜாரா என்று வைத்துக்கொள்ளலாமா? வாடகைக்குக் காலம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டை 11 மாதம் என்று எழுதித்தானே பிடிக்கிறோம். இங்கே ஒரு வருடமா, பத்து வருடமா, சர்வரை மூடும்வரையா என்று யாரும் சொல்வதில்லை. விற்பனையும் இல்லை, காலம் தெரிந்த வாடகையும் இல்லை. ஆனால் பொத்தானில் எழுதியிருப்பது 'வாங்கு' என்று. வாங்குபவருக்கு எது கைக்கு வருகிறது என்பது மறைவாக இருக்கும் வியாபாரத்தை ஃகரர் என்று நம் அறிஞர்கள் பேசுவார்கள். இது அந்த வகையில் சேருமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. அவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்று மட்டும் சொல்கிறேன். சாதாரண நுகர்வோனாக என் கருத்து இதுதான்: அனுமதி விற்பது தவறல்ல, அதைப் பொருள் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

கலிஃபோர்னியா மாநிலம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. அங்கே 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்பவர், இது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிந்த பொருளுக்கு இந்த விதி இல்லை. சட்டம் அமலாகும் முன்பே ஸ்டீம் தன் கட்டண பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. ஐரோப்பாவில் நிலைமை இரண்டுங்கெட்டான். விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2019-இல் மின்னூலுக்கு அது பொருந்தாது என்றது. ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019-இல் சொல்ல, மேல்முறையீட்டில் 2022-இல் அது ரத்தானது.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 2 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல் முக்கியமானது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடைசெய்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை விலக்குகளை அறிவிக்கிறது. நம் சட்டம் அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல. பார்வையற்றோர் படிப்பதற்காக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்றவும் அதே திருத்தம் வழிவிட்டது. ஆனால் 'வாங்கு' பொத்தானுக்குக் கலிஃபோர்னியா போட்டதைப் போன்ற தனி விதி இங்கே இன்னும் இல்லை. ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

"அவங்களே ஏமாத்துறாங்க, நாம ஏன் காசு குடுக்கணும்?"

இப்படிக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கன்சோலை ஜெயில்பிரேக் செய்து ஐம்பது கேம் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. கோபம் நியாயமானது, முடிவு நியாயமானது அல்ல. குவைத்தில் 1988 டிசம்பரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று முடிவெடுத்தது. கேமும் பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்த உழைப்பு. நிறுவனம் நமக்குச் செய்வது அநியாயம் என்றால் அதற்கு வாங்காமல் இருப்பதும் கேள்வி கேட்பதும் வழி. எடுத்துக்கொள்வது வழியல்ல. நடைமுறையிலும் நஷ்டம் நமக்கே. அப்படி மாற்றிய கன்சோலை ஆன்லைன் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்குவது நிறுவனங்களின் வழக்கம். ஏற்றித் தந்த கடைக்காரர் அதற்கு வாரண்டி தர மாட்டார்.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நண்பனுக்கு இரவல் கொடுப்பதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. ஒரு டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் இருக்கும்.

பூட்டு என்றாலே கெட்டது என்றும் இல்லை. பிள்ளைகளின் கணக்கில் விளையாடும் நேரம், செலவு வரம்பு, வயதுத் தகுதி ஆகியவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கும் வசதி எல்லாக் கன்சோல்களிலும் உண்டு. அந்தச் சாவி உம்மா வாப்பா கையில் இருக்கிறது; நான் இதுவரை குறைசொன்ன பூட்டுகளின் சாவி வேறொருவர் கையில். நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் பூட்டை யாரும் போடுவதே இல்லை. கன்சோலைப் பெரியவர் பெயரில் திறந்து பிள்ளையிடம் அப்படியே கொடுத்துவிடுகிறோம்.

வாங்கும் முன்

வளைகுடாவில் இருந்து வாங்கி அனுப்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று. பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். கணக்கை மட்டும் எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த நாட்டுக்கு, வீட்டுக்கு வந்தபிறகு திறங்கள். கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றச் சில நிறுவனங்கள் விடும், சில விடுவதில்லை. இன்றைய கன்சோல்களின் கேம் டிஸ்க்குகள் பெரும்பாலும் எந்த நாட்டிலும் ஓடும். ஆனால் அந்த கேமுக்கு மேல் வாங்கும் கூடுதல் பகுதிகள், டிஸ்க் எந்த நாட்டுக்கு அச்சிடப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் சேரும் என்ற சிக்கல் உண்டு. அங்கிருந்து டிஸ்க் வாங்கி அனுப்பும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க் மாடலா, டிஸ்க் இல்லாத மாடலா? பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். அப்போது பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். விளையாடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்குக் கைமாற்றுவதாக வைத்துக்கொண்டாலும், நான்கு கேமில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். ஐந்தாவது கேமிலிருந்து டிஸ்க் மாடல்தான் மலிவு. பக்கத்து வீட்டோடு டிஸ்க்கை மாற்றிக்கொள்கிற பிள்ளைகள் என்றால் கணக்கே வேறு.

டிஸ்க்கோ கேசட்டோ கையில் இருந்தால் மட்டும் முழு நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குச் சில கேம்கள் சாவி அட்டையாக விற்கப்படுகின்றன. பார்க்க கேம் அட்டை போலவே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. அட்டையைச் செருகிவிட்டு இணையத்திலிருந்து முழுவதையும் இறக்க வேண்டும். அட்டையை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். இறக்கித் தரும் சர்வர் இருக்கும்வரை. அட்டைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். கணினியில் விளையாடுபவர்களுக்குப் பூட்டே இல்லாமல் விற்கும் ஜிஓஜி போன்ற தளங்கள் உண்டு. இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் தளம் நாளை மூடினாலும் கேம் ஓடும்.

மச்சான் போன வாரம் வீடியோ காலில் வந்தார். சின்னவனுக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அண்ணனுடைய பெட்டியே இரண்டு பேருக்கும் போதும் என்றேன். டவுன்லோடு கேம்கள் துபாய்க் கணக்கில் இருந்தாலும், அதே பெட்டியில் பிள்ளைகள் தங்கள் இந்தியக் கணக்கிலிருந்து விளையாடும்படி பகிர்வு வசதியைப் போட்டுவிட்டோம். இனி வாங்கும் கேம்களுக்கு இந்தியக் கணக்கு. டிஸ்க் போடும் பகுதியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள முடியுமா என்று மருமகன் கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆயிரம் ரூபாய் கார்டு புதுக் கணக்கில் ஏறிவிட்டது.